மார்பக அறுவைக்குப் பிறகு சேர்ந்து செய்யும் உடற்பயிற்சி: எப்போது, எவ்வளவு, யாரோடு

கேள்வி இதுதான்: "அம்மாவுக்கு 54 வயது. வலது மார்பகத்தை முழுதாக எடுத்து, அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்து மூன்று வாரம் ஆகிறது. காயத்து நீரை வடிக்க வைத்திருந்த டியூபை எடுத்துவிட்டார்கள். அடுத்து கீமோ, அதற்குப் பிறகு ரேடியேஷன். அம்மா அந்தக் கையைத் தோளுக்கு மேல் தூக்கவே பயப்படுகிறார். அதே வார்டில் இருந்த ஐந்தாறு பெண்கள் வாரத்தில் இரண்டு நாள் சேர்ந்து உடற்பயிற்சி செய்யலாம், வாங்க என்று கூப்பிடுகிறார்கள். சொந்தக்காரர்களோ 'அந்தக் கையில் ஒரு கிலோவுக்கு மேல் தூக்கினால் கை யானைக்கால் மாதிரி வீங்கிவிடும்' என்கிறார்கள். அனுப்பலாமா?"

அனுப்புங்கள். டியூப் எடுத்து, தையல் ஆறி, காயத்தில் கசிவு இல்லையென்றால் தொடங்குவதற்கு இதுதான் நேரம். அறுவை செய்த மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள். ஆனால் ஒன்றில் கறாராக இருங்கள். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூடலாம். எல்லோரும் ஒரே எண்ணிக்கையில் செய்யக் கூடாது. இப்படிப்பட்ட குழுக்களில் கோளாறு இங்கேதான் தொடங்கும். பக்கத்தில் நிற்பவர் பதினைந்து முறை தூக்கினால், எட்டில் நிறுத்த வேண்டியவரும் வெட்கப்பட்டுக்கொண்டு பதினைந்துவரை போய்விடுவார். அவருக்கு அறுவை முடிந்து எட்டு மாதம், இவருக்கு மூன்று வாரம் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வராது.

முதலில் அந்த ஒரு கிலோ பயத்தைப் பார்ப்போம். அது முழுக்கக் கட்டுக்கதை அல்ல. அக்குளில் கணுக்களை எடுத்தால் அந்தக் கையிலிருந்து நிணநீர் வடியும் பாதைகள் குறைகின்றன. சிலருக்குக் கை வீங்குகிறது. ரேடியேஷனும் சேர்ந்தால் வாய்ப்பு கூடுகிறது. அதனால் பல ஆண்டுகளாக மருத்துவமனைகளிலேயே 'அந்தக் கையால் பாரம் தூக்காதே, திரும்பத் திரும்ப ஒரே வேலை செய்யாதே' என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். 1996-இல் கனடாவின் வான்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மருத்துவர் டான் மெக்கென்சி இதைச் சோதித்துப் பார்க்க, மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த 24 பெண்களைச் சேர்த்து டிராகன் படகில் துடுப்புப் போட வைத்தார். இருபது பேர் வரிசையாக உட்கார்ந்து ஒரே தாளத்தில் துடுப்புப் போடும் நீளப் படகு அது. தோள், முதுகு, கை எல்லாம் திரும்பத் திரும்ப ஒரே வேலையைச் செய்யும்; எதைச் செய்யாதே என்றார்களோ அதையே செய்ய வைத்தார். முதலில் ஜிம்மில் தயார்ப்படுத்தி, மெல்ல மெல்ல ஏற்றிப் படகில் இறக்கினார். யாருக்கும் புதிதாகக் கை வீக்கம் வரவில்லை. இன்று பல நாடுகளில் இப்படிப்பட்ட படகுக் குழுக்கள் இருக்கின்றன.

24 பேரை வைத்து உறுதியாக எதையும் சொல்லிவிட முடியாது. உறுதி பிறகு வந்தது. அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களில் ஒரு பாதிப் பேர் வாரம் இரண்டு முறை எடை தூக்கினார்கள். வீக்கம் கூடவில்லை, திடீரென்று வீக்கம் முற்றுவது குறைந்தது. அடுத்த ஆண்டு, வீக்கம் இன்னும் வராத 154 பெண்களிடம் அதே பயிற்சியைச் சோதித்தார்கள். ஐந்தும் அதற்கு மேலும் கணுக்களை எடுத்தவர்களில், எடை தூக்காதவர்களில் 22 சதவீதத்தினருக்குக் கை வீங்கியது; தூக்கியவர்களில் 7 சதவீதத்தினருக்கு. இதற்கான காரணம் எளிதுதான். தசை சுருங்கி விரியும்போது நிணநீரைப் பிழிந்து மேலே தள்ளுகிறது. வேலையே கொடுக்காத கையில் தசை கரைகிறது. அப்படிக் கரைந்த கையோடு ஒருநாள் அவசரத்துக்கு கிரைண்டர் கல்லைத் தூக்கினால், அந்தக் கைக்கு அது தாங்காத பாரம். கையைப் பொத்திப் பொத்தி வைப்பதே சில நேரம் வீக்கத்துக்கு வழி விட்டுவிடுகிறது.

அதற்காக நாளையே எடை தூக்கலாம் என்று அர்த்தமில்லை. அந்த 154 பெண்கள் நோய் கண்டு ஓராண்டு முதல் ஐந்தாண்டு ஆனவர்கள். பச்சைப் புண்ணோடு இருப்பவர்களுக்கு 2021-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வே சரியான வழிகாட்டி. தோள் பிரச்சினை வரும் அபாயம் அதிகமுள்ள 392 பெண்களில் ஒரு பாதியினருக்கு, அறுவை முடிந்து 7 முதல் 10 நாளுக்குள் பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்த்துப் பயிற்சி தொடங்கினார். நீட்டும் பயிற்சி முதலில், வலுப்படுத்தும் பயிற்சி ஒரு மாதம் கழித்து. ஓராண்டு முடிவில் அவர்களின் கை மற்றவர்களின் கையைவிட நன்றாக வேலை செய்தது. காயச் சிக்கலோ வீக்கமோ கூடவில்லை. ஒன்றைக் கவனியுங்கள். அது கூட்டமாகச் செய்த பயிற்சி இல்லை. ஒவ்வொருவருக்கும் தனியாக அளந்து கொடுத்தது. ஆகவே முதல் ஒன்றிரண்டு முறை அம்மா பிசியோதெரபிஸ்ட்டிடம் தனியாகக் காட்டிக்கொள்ளட்டும். அவர் எழுதிக் கொடுக்கும் அளவோடு குழுவுக்குப் போகட்டும்.

குழுவில் டியூபோடு இன்னொருவர் வந்தால் அவருக்கான கணக்கு வேறு. டியூப் இருக்கும்வரை, பொதுவாக முதல் ஒரு வாரம், முழங்கையைத் தோள் மட்டத்துக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. விரல்களை மூடித் திறப்பது, மணிக்கட்டைச் சுழற்றுவது, முழங்கையை மடக்கி நீட்டுவது, தோளை உயர்த்தி இறக்குவது, ஆழ்ந்து மூச்சுவிடுவது, இவ்வளவு போதும். டியூப் எடுப்பதற்குமுன் கையை வேகமாக வீசினால் அக்குளில் நீர் கோப்பது கூடும். டியூப் இன்னும் பல நாள் இருக்க வேண்டி வரும். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வடியும்போதுதான் பெரும்பாலும் டியூபை எடுக்கிறார்கள். டியூப் எடுத்த பிறகும் அக்குளில் தண்ணீர் பை மாதிரி தளும்பினால் பயிற்சியைக் குறைத்துவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவர் ஊசியால் உறிஞ்சி எடுப்பார், பயப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது வாரத்தில் அம்மா செய்யக்கூடியவை நான்கு. எதற்கும் கருவி வேண்டாம்.

முதலாவது கம்புப் பயிற்சி. பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, ஒரு மீட்டர் நீளமுள்ள மாப் கட்டையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். நல்ல கைதான் வேலை செய்யும். அறுவை ஆன கை கூடவே வரும். தலைக்கு மேல் மெல்லக் கொண்டுபோய், இழுக்கிற இடத்தில் ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, இறக்க வேண்டும். ஐந்து முதல் ஏழு முறை. நின்றுகொண்டு செய்வதைவிடப் படுத்துச் செய்வது நல்லது. நின்றால் கை போகாத தூரத்தை முதுகை வளைத்து ஈடுகட்டிவிடுவார்கள். படுத்திருந்தால் அந்தக் கள்ளம் நடக்காது.

இரண்டாவது, படுத்தபடியே கைவிரல்களைப் பின்கழுத்தில் கோத்து, முழங்கைகளைக் கூரையை நோக்கி வைத்து, பக்கவாட்டில் மெல்ல விரிப்பது. முதல் நாள் முழங்கை பாயைத் தொடாது. அழுத்தித் தொட வைக்கக் கூடாது. அருகே ஒரு தலையணையை வைத்து அதன்மேல் சாய விடலாம். வாரம் ஆக ஆகத் தலையணையின் உயரத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம்.

மூன்றாவது சுவர் ஏறுவது. சுவரைப் பார்த்து ஒரு முழம் தள்ளி நின்று, இரண்டு உள்ளங்கையும் தோள் உயரத்தில் பதித்து, விரல்களால் நடந்து மேலே போக வேண்டும். எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். இரண்டு கையும் சேர்ந்தே ஏறட்டும். ஒற்றைக் கையால் ஏறினால் உடம்பு சாய்ந்து பொய்யான உயரம் காட்டும். தோள் காதை நோக்கி ஏறுகிறதா என்று பக்கத்தில் இருப்பவர் பார்க்க வேண்டும். ஏறினால் கை தூக்குவது தோள் மூட்டு அல்ல, கழுத்துத் தசை. இரண்டு அங்குலம் கீழே இறங்கி, தோளைத் தளர்த்திவிட்டு மறுபடி ஏறச் சொல்ல வேண்டும். குழு இருப்பதன் நேரடிப் பயன் இது. தன் தோளைத் தானே பார்த்துக்கொள்ள முடியாது. எதிர்வரிசை அக்கா பார்ப்பார்.

நான்காவது, சாயாமல் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை மடக்கி உடம்போடு ஒட்டிவைத்து, இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் நெருக்கி ஐந்து எண்ணுவது. மார்பு அறுவையானவர்கள் காயத்தைக் காப்பது போலத் தோளை முன்னால் வளைத்து ஒடுங்கி நடப்பார்கள். முந்தானையால் அந்தப் பக்கத்தை மூடிப் பிடிக்கும் பழக்கமும் சேர்ந்துகொள்ளும். ஆறு மாதம் அப்படியே விட்டால் கழுத்தும் முதுகும் சேர்ந்து வலிக்கும். இந்த நான்கில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யச் சொல்வேன்.

இவற்றை வீட்டில் தினம் இரண்டு மூன்று வேளை செய்ய வேண்டும். வாரம் இரண்டு நாள் குழுவில் மட்டும் செய்தால் தோள் இளகாது. செய்யும்போது இழுப்பது மாதிரி இருந்தால் சரி. குத்தினாலோ, சுண்டினாலோ, கை மரத்துப்போனாலோ நிறுத்த வேண்டும். முடித்த பிறகு வலி ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட வேண்டும். மறுநாள் காலை முந்தைய நாளைவிட அதிகம் வலித்தால் அளவு அதிகம், பாதியாகக் குறைக்கலாம். முற்றிலும் விடக் கூடாது.

சில விஷயங்கள் பயமுறுத்தும், ஆனால் ஆபத்தில்லை. மேற்கையின் உட்பக்கம் மரத்துப்போயிருப்பது அக்குள் வழியாகப் போகும் தோல் நரம்பு வெட்டுப்பட்டதால். தோளை அசைக்காததால் வந்தது இல்லை; பயிற்சியால் கூடவும் செய்யாது. இன்னொன்று, அறுவை முடிந்து சில வாரத்தில் அக்குளிலிருந்து முழங்கைவரை, சிலருக்கு மணிக்கட்டுவரை, தோலுக்கடியில் தந்தி மாதிரி ஒன்று விறைத்துக்கொண்டு நிற்கும். கையை நீட்டினால் சுருக்கென்று இழுக்கும். நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து இரவெல்லாம் தூங்காதவர்கள் உண்டு. இது நிணநீர்க் குழாய்கள் இறுகுவதால் வருவது. மென்மையாக நீட்டிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் சில மாதத்தில் போய்விடும். கையை மடக்கி வைத்துக்கொண்டால்தான் தங்கும். குழுவில் இது வந்துபோன ஒருவர் இருந்தால், டாக்டர் பத்து நிமிஷம் சொல்லும் விளக்கத்தைவிட அவருடைய "எனக்கும் வந்துச்சு, போயிடுச்சு" வேகமாக வேலை செய்யும்.

காட்ட வேண்டியது வேறு ஒன்று. சுவரில் கை ஊன்றித் தள்ளும்போது ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு மட்டும் இறக்கை மாதிரி வெளியே துருத்தினால், நெஞ்சுப் பக்கத் தசையை இயக்கும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். இது பின்னாலிருந்து பார்த்தால்தான் தெரியும். கண்டால் அந்தப் பெண்ணைக் கை தூக்கும் பயிற்சியில் தள்ளாமல் பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்புங்கள்.

அம்மாவுக்கு ஒரு கெடுவும் இருக்கிறது. 'கரண்ட் வைக்கும்போது', அதாவது ரேடியேஷன் கொடுக்கும்போது, கையைத் தலைக்கு மேல் தூக்கி, பிடிமானத்தில் வைத்து, அசையாமல் படுத்திருக்க வேண்டும். கீமோ முடிய நான்கைந்து மாதம் ஆகுமே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தோளை விட்டுவிடுவார்கள். ரேடியேஷனுக்கு அளவெடுக்கும் நாளில் கை வராது. அதற்குள் இறுகிய தோளை இளக்க மறுபடி சில வாரம் போகும், சிகிச்சை தள்ளிப்போகும். ஆகவே கீமோ தொடங்குவதற்குள் முழு உயரத்தை எட்டிவிடுவது, கீமோ நாட்களில் அதை இழக்காமல் காப்பது, இதுவே இலக்கு. ரேடியேஷன் முடிந்ததும் நிறுத்திவிடவும் கூடாது. கதிர் பட்ட தசை மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே இருக்கும்.

எடைக்கு வருவோம். நான்கு முதல் ஆறு வாரம் கழித்து, கை ஏறக்குறைய முழுதாக உயர்கிறது, காயம் ஆறிவிட்டது என்றால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும், அரை கிலோ. முழங்கையை மடக்கி நீட்டுவது பத்து முறை, முன்பக்கம் தோள் மட்டம்வரை தூக்குவது பத்து முறை, சுவரில் கை ஊன்றித் தண்டால் மாதிரித் தள்ளுவது எட்டு முறை. முதல் வாரம் ஒரு சுற்று, பிறகு இரண்டு. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதையும் பத்து முறை சேருங்கள். மார்பு அறுவைதானே, கால் எதற்கு என்பார்கள். கீமோவில் தொடைத் தசையும் தேயும். ஏற்றுவதற்கு ஒரு விதி போதும். அடுத்தடுத்து இரண்டு வகுப்பில் கையில் எந்த மாற்றமும் இல்லையென்றால் மட்டும் அரை கிலோ கூட்டலாம். ஒரே வகுப்பில் எடையையும் எண்ணிக்கையையும் சேர்த்துக் கூட்டினால், கை கனத்தால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. இரண்டு மூன்று வாரம் வராமல் இருந்து திரும்புகிறவர் விட்ட இடத்தில் தொடங்கக் கூடாது. பாதி அளவிலிருந்து ஏற வேண்டும். இப்படித் திரும்பி வருகிறவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். விட்டதைப் பிடிக்கிறேன் பேர்வழி என்று முதல் நாளே அள்ளிப் போட்டுக்கொள்வார்கள்.

வீக்கத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டாம். தையல்கார டேப்பால் அளக்க வேண்டும். மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கம் புடைத்திருக்கும் எலும்பைத் தொடக்கமாக வைத்து, அங்கிருந்து மேலே 10, 20, 30, 40 சென்டிமீட்டரில் பேனாவால் புள்ளி வைத்து, ஒவ்வொரு இடத்திலும் சுற்றளவு எடுங்கள். இரண்டு கையிலும் எடுக்க வேண்டும். வலக்கைக்காரர்களுக்கு வலக்கை இயல்பாகவே சற்றுப் பெருத்திருக்கும் என்பதால் முதல் நாள் அளவு இல்லாமல் பிந்தைய அளவுக்கு அர்த்தமே இல்லை. டேப் தோலில் பதியக் கூடாது, தளரவும் கூடாது. ஒரே ஆள், ஒரே டேப், காலை நேரம். ஏதோ ஓரிடத்தில் இரண்டு கைக்கும் வித்தியாசம் 2 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, முதல் நாளில் இருந்த வித்தியாசம் கூடிக்கொண்டே வந்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். டேப் சொல்வதற்கு முன்பே ரவிக்கைக் கை சொல்லிவிடும். அந்தப் பக்கம் மட்டும் பிடிக்கிறது, வளையல் கழற்ற சோப்பு வேண்டியிருக்கிறது, மாலையில் கை கனக்கிறது என்றால் அதுதான் ஆரம்பம். அழுத்தினால் குழி விழும் நிலையில் பிடித்தால் எளிதில் அடங்கும். தோல் தடித்துக் கெட்டிப்பட்டபின் வந்தால் கட்டுப்படுத்தலாம், முழுதாகப் போக்குவது கடினம்.

ஏற்கெனவே வீக்கம் உள்ளவர்கள் எடைப் பயிற்சியின்போது கை நெடுக இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறையைப் போட்டுக்கொள்ள வேண்டும். கை அளவெடுத்து எழுதிக் கொடுத்ததை மட்டும் வாங்குங்கள். ஆன்லைனில் 'மீடியம்' என்று வாங்கியது முழங்கை மடிப்பில் சுருண்டு கயிறு கட்டியதுபோல இறுக்கினால் வீக்கம் கீழ்நோக்கி விரலில் இறங்கும், போடாமலிருப்பதே மேல். வீக்கம் இல்லாதவர்களுக்கு இது தேவையில்லை.

கீமோ நாட்களில் குழுவுக்குப் போவது பற்றி. ஊசி போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை வெள்ளையணுக்கள் பொதுவாகக் குறைவாக இருக்கும். அந்த வாரம் மூடிய அறையில் பத்துப் பேரோடு மூச்சிறைக்கப் பயிற்சி வேண்டாம். மாடியில் நடக்கட்டும், வீட்டில் கம்புப் பயிற்சி செய்யட்டும். குழுவில் யாருக்காவது சளி, இருமல் என்றால் அவரும் வரக் கூடாது. இதில் முகதாட்சண்யம் பார்க்கக் கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி. பிளேட்லெட் 50,000-க்குக் கீழ் போனால் பாட்டில் தூக்குவதும் ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சியும் வேண்டாம், நிதானமான நடை போதும். ஹீமோகுளோபின் 8-க்குக் கீழ் என்றால் டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம். 'சிவப்பு மருந்து' (டாக்சோரூபிசின் போன்ற சிவப்பு நிறக் கீமோ மருந்து) ஏற்றுகிறவர்கள் ஒரு மாடி ஏறவே புதிதாக மூச்சு வாங்கினால் அதைச் சோர்வு என்று தள்ளிவிடக் கூடாது; அந்த மருந்து இதயத்தைத் தொடக்கூடியது. பேக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து போடும்போது பலருக்குப் பாதம் மரத்துப்போகும். வழுவழுப்பான டைல்ஸில் ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சிகளை நாற்காலியைப் பிடித்துக்கொண்டே செய்ய வேண்டும்.

எலும்புக்குப் பரவியவர்கள், வயிற்றுச் சதையெடுத்து மார்பை மறுசீரமைத்தவர்கள், மருந்தேற்றும் போர்ட்டைச் சமீபத்தில் பதித்தவர்கள், இந்த மூவரும் குழுவில் சேரலாம், ஆனால் மேலே சொன்ன அளவுகள் அவர்களுக்குப் பொருந்தாது. முதுகெலும்பில் பரவியிருந்தால் உடம்பை முறுக்கும் அசைவே கூடாது. வயிற்றுச் சதை எடுத்தவர்களுக்கு ஆறு முதல் எட்டு வாரம் பாரமும் கூடாது, படுத்து எழும் வயிற்றுப் பயிற்சியும் கூடாது.

இனிக் குழு. ஆறிலிருந்து எட்டுப் பேர் சரியான அளவு. பத்தைத் தாண்டினால் யார் தோள் ஏறுகிறது என்று பார்க்க ஆளிருக்காது. தொடங்கும்போதும் பிறகு மாதம் ஒரு முறையாவதும் பிசியோதெரபிஸ்ட் நேரில் இருக்க வேண்டும். ஆறு மணி, ஆறரை மணிக் காலை நல்லது. வெயில் ஏறினால் கையும் கனக்கும், வருகையும் குறையும். திங்கள், வியாழன் என்று வைத்தால் நடுவில் தசைக்கு ஓய்வு கிடைக்கும். செவ்வாய், வெள்ளி வைத்தால் தலைக் குளியல், கோயில் என்று பாதிப் பேர் வரமாட்டார்கள். கதவு சாத்தக்கூடிய அறை, ஆண்கள் வெளியே. தளர்வான சுடிதாரோ நைட்டியோ போதும். புடவைதான் என்பவர்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளட்டும். ஆனால் இறுக்கமான ரவிக்கையோடு கை தூக்க முடியாது. விக், பஞ்சு வைத்த பாடி, எதையும் அங்கே போட்டுக்கொண்டு வர வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த ஒரு மணி நேரம் எதையும் மறைக்க வேண்டியதில்லை என்பதற்காகவே வருகிறவர்கள் உண்டு.

வாசலிலேயே மூன்று கேள்வி. "அக்கா, காய்ச்சல் இருந்துச்சா? கை கனமா இருக்கா? கடைசி ஊசி என்னிக்கு?" பதிலை ஒரு அட்டையில் எழுதி, அந்த அட்டையை அவர் பாட்டிலிலேயே ரப்பர் பேண்ட் போட்டுச் சொருகிவிடுங்கள். அன்றைய எடையும் எண்ணிக்கையும் அதில்தான். முன்னால் நின்று "ஒன்று, இரண்டு" என்று சத்தமாக எண்ணும் வழக்கத்தை விடுங்கள். அதற்குப் பதில் "ஒரு நிமிஷம்" என்று நேரம் சொன்னால், ஒருவர் ஐந்து செய்வார், ஒருவர் பதினைந்து செய்வார், இருவரும் ஒன்றாக முடிப்பார்கள். எண்ணிக்கைப் போட்டி அங்கேயே அடங்கிவிடும். பத்து நிமிடம் நடை, இருபத்தைந்து நிமிடம் பயிற்சி, ஐந்து நிமிடம் மூச்சு. மிச்சமுள்ள இருபது நிமிடம் பேச்சு. இதை நேரமில்லை என்று வெட்டாதீர்கள்.

பேச்சினால் ஆவது என்ன, ஆகாதது என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். மார்பக அறுவையானவர்களைச் சந்திக்க, அதே அறுவை ஆன பெண்களை அனுப்பும் முறையை டெரீஸ் லாசர் என்ற பெண் 1952-இல் அமெரிக்காவில் தொடங்கினார். ஆதரவுக் குழுவில் இருந்தால் ஆயுள் கூடும் என்று 1989-இல் ஓர் ஆய்வு சொல்லி, அது பெரிதாகப் பேசப்பட்டது. 2001-இல் கனடாவில், நோய் பரவிய 235 பெண்களிடம் சோதித்தபோது ஆயுள் கூடவில்லை; ஆனால் மனக்கலக்கமும் வலியின் உறுத்தலும் குறைந்தன, மிகவும் கலங்கியிருந்தவர்களுக்கே அதிகம் குறைந்தன. அதனால் 'மனசு தைரியமா இருந்தா நோய் ஓடிடும்' என்று யாரையும் அங்கே பேச விடாதீர்கள். நோய் திரும்பியவருக்கு அது 'உனக்குத் தைரியம் போதவில்லை' என்று கேட்கும்.

இன்னும் இரண்டு விதி வேண்டும். மருந்து, சாப்பாட்டு அறிவுரை கிடையாது. சர்க்கரை சாப்பிட்டால் கட்டி வளரும், முள்ளுசீத்தா இலைக் கஷாயம் குடித்தால் கீமோவே வேண்டாம் என்பவை எந்தக் குழுவிலும் மூன்றாம் வாரத்துக்குள் வந்துவிடும். பாதியில் கீமோவை நிறுத்தியவர்கள் பலர் இதைக் கேட்டுத்தான் நிறுத்துகிறார்கள். "உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்லுங்க" என்ற ஒரே வாக்கியத்தில் பேச்சை மாற்றத் தெரிந்தவர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். அடுத்தது, போட்டோ கிடையாது. வாட்ஸ்அப் குழுவின் பெயரில் 'கேன்சர்' என்ற சொல்லும் வேண்டாம். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாள் என்பதற்காகவே நோயை மறைத்துச் சிகிச்சை எடுப்பவர்கள் இங்கே ஏராளம்; செல்போனைச் சம்பந்தி வீட்டார் எட்டிப் பார்த்தால் போதும்.

புதிதாக வருகிறவருக்குத் துணையாக நிற்பவர், சிகிச்சை முடித்து ஓராண்டாவது ஆனவராகவும் ஏறக்குறைய அதே அறுவை செய்துகொண்டவராகவும் இருந்தால் நல்லது. கட்டியை மட்டும் எடுத்தவர், முழு மார்பை இழந்தவரிடம் "எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா" என்றால் ஆறுதலாக இருக்காது. ஒருவர் தொடர்ந்து இரண்டு வகுப்புக்கு வரவில்லை என்றால் போன் செய்வது அந்தத் துணையின் வேலை. குழுவில் யாருக்காவது நோய் திரும்பினாலோ, யாரேனும் இறந்தாலோ மறைக்காதீர்கள். எப்படியும் ஆஸ்பத்திரி வராந்தாவில் தெரிந்துவிடும். அன்று பயிற்சி தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அழ வேண்டியவர்கள் அழட்டும். போக வேண்டியவர்கள் போகட்டும். செய்ய விரும்புகிறவர்கள் நடை மட்டும் செய்யட்டும்.

பெருங்குடல் அறுவை ஆனவர்களும் சேரலாமா என்று கேட்பார்கள். பேச்சிலும் நடையிலும் சேரலாம். வயிற்றில் பை வைத்தவர்களுக்குப் பயிற்சி தனி. அவர்கள் அவசியம் கேள்விப்பட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரில் ஒரு பாதியினருக்கு மூன்றாண்டு உடற்பயிற்சித் திட்டம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2025-இல் வெளியானது. ஐந்தாண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் அந்தப் பக்கம் 80.3 சதவீதம், வெறும் அறிவுரைப் புத்தகம் வாங்கிப் போனவர்களில் 73.9 சதவீதம். அந்தத் திட்டத்தில் பயிற்சி மட்டும் இல்லை. தொடர்ந்து கூப்பிட்டுப் பேசி, விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஆளும் இருந்தார். இதே கணக்கை மார்பகத்துக்கு அப்படியே எடுத்துவர முடியாது. ஆனால் தனியாகக் கொடுத்த புத்தகம் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

முதல் நாள் அம்மா கையில் கொடுத்தனுப்புங்கள்: டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல், எத்தனை கணு எடுத்தார்கள் என்று எழுதியிருக்கும் பயாப்ஸி ரிப்போர்ட்டின் நகல், கடைசி ரத்தப் பரிசோதனை, தையல் டேப், பாய், முழங்கைக்கு வைக்க ஒரு சின்னத் தலையணை. தண்ணீர் பாட்டில் குடிப்பதற்கு மட்டும். அதைத் தூக்குவதற்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. நீங்கள் வெளியே காத்திருங்கள். அளந்து எழுதிய தாளை மட்டும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த இரண்டு ஆண்டுகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே இடங்களில் அளக்க வேண்டும். கை வீக்கம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த முதல் மூன்று ஆண்டுக்குள்தான் வருகிறது.